ஸ்பான்சர் கிடைச்சா உடனே கையெழுத்து போடலாமா?

(மந்தைவெளி பயிற்சிக் கூடத்தில் நடந்த கூட்டமைப்புப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருந்து பஸ் மாறி மாறி மந்தைவெளி வரைக்கும் வந்திருக்கீங்க. கணக்கு நோட்டு எழுதுறது, தணிக்கை, வங்கிக் கடன் இதெல்லாம் மதியம் பேசப் போறோம். காலையில நான் பேச எடுத்துக்கிட்ட விஷயம் பைக் ரேஸ்.

சிரிக்கிறீங்க. நானும் முதல்ல சிரிச்சேன். சிரிச்சது தப்புன்னு பிறகுதான் தெரிஞ்சது. அதனாலதான் இன்னைக்கு இதைப் பேசுறேன்.

போன வருஷம் நம்ம கூட்டமைப்புல ஒரு குழுவுல நடந்த விஷயம் இது. பேர் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்ட அம்மாவும் பொண்ணும் பேர் இல்லாம சொல்லலாம்னு சம்மதம் கொடுத்திருக்காங்க. அந்த அம்மா 40,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. காரணம் தையல் மிஷின்னு தீர்மான நோட்டுல எழுதியாச்சு. பணம் கொடுக்கிறதுக்கு முதல் நாள்தான் ஊக்குநருக்கு விஷயம் தெரிஞ்சது. தையல் மிஷினும் இல்ல, ஒண்ணும் இல்ல. 19 வயசு மக பைக் ரேஸ் ஓட்டப் போறா, அதுக்கு உடுப்பு, ஹெல்மெட், பூட்ஸ், நுழைவுக் கட்டணம். கூட்டத்துல பெரிய சண்டை. "பொய் சொல்லிக் கடன் கேட்டாங்க"ன்னு ஒரு பக்கம். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ரேஸு"ன்னு ஒரு பக்கம். என்னைக் கூப்பிட்டாங்க.

நான் போய் அந்தப் பொண்ணுகிட்ட, "ஏம்மா, கம்பெனி வேலை நல்லாத்தானே போகுது, நமக்கு எதுக்கும்மா இது?"ன்னு கேட்டேன். சமூகப்பணி படிச்சவ நான். பெண் கல்வி, பெண் முன்னேற்றம்னு ஊர் ஊராப் பேசுறவ. என் வாயில இருந்து முதல்ல வந்தது அந்த வார்த்தைதான். அவ கோவப்படல. "அக்கா, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க"ன்னா. போனேன்.

ரெண்டு சத்தம்

நான் இங்கதான் மந்தைவெளியில ஒரு சின்ன வீட்டுல குடியிருக்கேன். சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு மேல பசங்க பைக்கை முறுக்கிக்கிட்டு பீச் பக்கம் போற சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி "யார் பெத்த பிள்ளையோ"ன்னு சொல்லிட்டு ஜன்னலைச் சாத்துவாங்க.

உங்க ஊர்ல வேற ஒரு சத்தம். சில சனி, ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை பக்கத்துல இருந்து வண்டு கூட்டமா பறக்கிற மாதிரி கேட்கும். ரெண்டும் பைக் சத்தம்தான். ஆனா ரெண்டையும் ஒண்ணா நினைக்கக் கூடாது.

இருங்காட்டுக்கோட்டையில இருக்கிறது பந்தயத்துக்குன்னே போட்ட தடம். அதை நடத்துறது 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். முன்னாடி பல வருஷம் சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்தது. உங்க வீட்டுப் பெரியவங்க போய்ப் பாத்திருப்பாங்க. 1990-ல இருந்து இருங்காட்டுக்கோட்டை. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். எதிர்ல லாரி வராது, குறுக்கே மாடு வராது. ஒவ்வொரு திருப்பத்திலயும் கொடி பிடிச்சுக்கிட்டு ஆள் நிக்கிறாங்க. மஞ்சள் கொடி காட்டினா முன்னால ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்புக் கொடி காட்டினா ரேஸ் நிறுத்தம். கட்டம் போட்ட கொடி காட்டினா ரேஸ் முடிஞ்சது. ஆம்புலன்ஸ் இருக்கு, டாக்டர் இருக்காங்க. ஓட்டுறவங்க தலை முதல் கால் வரைக்கும் தோல் உடுப்பு, முதுகுக்குக் காப்பு. லைசென்ஸ்கூட நாம ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எடுக்கிறது போதாது. மோட்டார் விளையாட்டுக்கான தேசியக் கூட்டமைப்பு கொடுக்கிற போட்டி லைசென்ஸ் தனியா வாங்கணும்.

ரோட்டுல ஓட்டுற ரேஸ் சட்டப்படி குற்றம். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் இன்னொண்ணும் சொல்லுது. 18 வயசு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செஞ்சா, பெத்தவங்களுக்கோ வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். நம்ம குழுக் கடன்ல பைக் வாங்கி 16 வயசுப் பையன்கிட்ட சாவியைக் கொடுக்கிற அம்மாக்கள் இதை மனசுல வெச்சுக்கணும்.

இந்தப் பாதையில போன பெண்கள்

நான் போன அன்னைக்கு அந்தப் பொண்ணு பயிற்சி ஓட்டம் ஓட்டினா. ஒரு சுற்று ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழட்டினதும், "ஜெயிப்பியாம்மா?"ன்னு கேட்டேன். "அக்கா, ஜெயிப்பியான்னு கேக்காதீங்க. முதல் திருப்பத்துல எங்க பிரேக் புடிச்சேன்னு கேளுங்க. போன தடவையை விட பத்தடி தள்ளிப் புடிச்சேன்"ன்னா. அந்த வயசுல எனக்கு மேடையில நின்னு பேர் சொல்லவே நாக்கு குழறும். அவ தைரியத்தைப் பாத்து எனக்குச் சந்தோஷம், கூடவே பயம்.

வீட்டுக்கு வந்து இந்த விளையாட்டுல பெண்கள் யார் யார் இருக்காங்கன்னு படிச்சேன். நம்ம சென்னையில அலிஷா அப்துல்லா இருக்காங்க. அவங்க அப்பா ஆர்.ஏ.அப்துல்லா தேசிய அளவுல ஜெயிச்ச பைக் வீரர். சின்ன வயசுல கோ-கார்ட்ல ஆரம்பிச்சு, பிறகு பைக், கார்னு ஓட்டினாங்க. ஆண்களோட சேர்ந்தே போட்டி போட்டாங்க. பிறகு மத்த பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பயிற்சிப் பள்ளியும் ஆரம்பிச்சாங்க. இன்னைக்குத் தேசியப் போட்டியிலயே பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கு.

பெங்களூர்ல ஐஸ்வர்யா பிஸ்ஸே. அவங்க தடத்துலயும் ஓட்டினவங்க, மணல், கல்லு, காடுன்னு ஓடுற நெடுந்தூரப் போட்டியிலயும் ஓட்டுறவங்க. 2019-ல உலகக் கோப்பையில பெண்கள் பிரிவுல முதலிடம். மொத்தம் 65 புள்ளி. ரெண்டாவது வந்த போர்ச்சுகல் நாட்டு ரீட்டா வியேராவுக்கு 61. மோட்டார் விளையாட்டுல உலகப் பட்டம் வாங்கின முதல் இந்தியர் இவங்கதான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஸ்பெயின்ல ஆனா கராஸ்கோ. 2018-ல, 21 வயசுல, ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓட்டின உலகப் போட்டியில, சூப்பர்ஸ்போர்ட் 300 பிரிவுல சாம்பியன். தடத்துல நடக்கிற பைக் ரேஸ்ல உலகப் பட்டம் வாங்கின முதல் பெண். 2020-ல விழுந்து முதுகெலும்பு முறிஞ்சது. 2021-ல திரும்ப வந்து ஒரு ரேஸ் ஜெயிச்சாங்க. 2024-ல பெண்களுக்குன்னு தனியா உலகப் போட்டி ஆரம்பிச்சப்போ முதல் பட்டமும் அவங்களுக்குத்தான்.

இவங்க மூணு பேரையும் வரிசையா வெச்சுப் பாருங்க. தைரியம் மூணு பேர்கிட்டயும் இருந்தது. பணம் எங்க இருந்து வந்தது? அலிஷாவுக்கு வீட்டுல அப்பாவே ரேஸ்காரர். ஐஸ்வர்யாவுக்கு டி.வி.எஸ். ரேஸிங் அணி பின்னால நின்னது. அது நம்ம ஓசூர்ல தொழிற்சாலை வெச்சிருக்கிற டி.வி.எஸ். கம்பெனியோட அணி, 1982-ல இருந்து இருக்கு. 2024-ல பெண்கள் உலகப் போட்டி ஆரம்பிச்சப்போ அதுல சேர ஒருத்தருக்குக் கட்டணமே 25,000 யூரோவா இருந்தது. நம்ம பணத்துல 20 லட்சத்துக்கு மேல. வண்டி, உதிரி பாகமெல்லாம் அதுல அடக்கம்னாலும், அந்தக் காசை ஒரு பொண்ணு தன் கையில இருந்து கட்ட முடியுமா? யாரோ ஒருத்தர் கட்டுறாங்க. அப்படிக் கட்டுறவங்களுக்குத்தான் ஸ்பான்சர்னு பேர்.

ஸ்பான்சர்னா என்ன?

நாம கடன் தெரிஞ்சவங்க. தானமும் தெரிஞ்சவங்க. ஸ்பான்சர் ரெண்டும் இல்ல. அது ஒரு கொடுக்கல் வாங்கல். அவங்க பணமோ பொருளோ தர்றாங்க. பதிலுக்கு அவங்க கடை பேரை, கம்பெனி பேரை நம்ம பிள்ளை நெஞ்சுல, முதுகுல, வண்டியில ஒட்டி ஓட்டணும். போட்டோ எடுத்து விளம்பரத்துல போடுவாங்க. திருப்பித் தர வேண்டாம், வட்டி கிடையாது.

இது படிப்படியா வரும். முதல் படியில பொருளாத்தான் வரும். ஒரு ஹெல்மெட், ரெண்டு டயர், ஒரு டின் ஆயில். ரெண்டாவது படியில யாராவது நுழைவுக் கட்டணம் கட்டுவாங்க. மூணாவது படி, ஒரு கம்பெனி தன்னோட அணியிலயே சேத்துக்கும். வண்டி, மெக்கானிக், பயணச் செலவு எல்லாம் அவங்களோடது, மேல சம்பளமும் வரும். சென்னைப் பையன் ஜெகன்குமார் டி.வி.எஸ். அணியில பல தடவை தேசியச் சாம்பியன் ஆனார். ராஜீவ் சேது, கவின் குவிண்டல்னு ரெண்டு சென்னைப் பசங்க ஹோண்டா அணிக்காக ஆசியப் போட்டியில ஓட்டினாங்க. ஆனா மூணாவது படிக்கு வர்றவங்க கொஞ்சம் பேர்தான். முதல் படியிலயே நின்னு போறவங்கதான் நிறைய. இதைப் பிள்ளைக்கும் சொல்லணும், நமக்கும் தெரிஞ்சிருக்கணும்.

இல்லாத வீட்டுப் பிள்ளை உள்ள நுழைய ஒரு வழி இருக்கு. ஒரே வகை பைக் போட்டின்னு சொல்வாங்க. டி.வி.எஸ். 1994-ல இருந்து நடத்துது. ஹோண்டா 2018-ல இளம் வீரர்களுக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டியை கம்பெனியே தரும். அதனால பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு நல்ல வண்டி, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டை வண்டிங்கிற வித்தியாசம் இல்ல. தேர்வு ஓட்டம் வெச்சு ஆள் எடுப்பாங்க. நம்ம பொண்ணு உள்ள வந்தது இப்படி ஒரே வகை பைக் போட்டி வழியாத்தான். ஆனா உடுப்பும் ஹெல்மெட்டும் அவளே வாங்கணும். தரமானது வாங்கினா உடுப்புக்கு மட்டும் பல பத்தாயிரம் ஆயிடும். அங்கதான் அந்த அம்மா மாட்டிக்கிட்டாங்க.

இத்தாலியில வாலண்டினோ ரோஸின்னு ஒரு பெரிய வீரர். ஒன்பது தடவை உலகச் சாம்பியன். தன் ஊர்லயே இளம் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி வெச்சிருக்கார். அங்க வளர்ற பிள்ளைங்க பின்னால பெரிய அணியில சம்பாதிக்கும்போது ஒரு பங்கைப் பள்ளிக்குத் தரணும். அங்க இருந்து வந்த பாக்னாயா 2022, 2023 ரெண்டு வருஷமும் உலகச் சாம்பியன். இதைப் படிச்சதும் எனக்கு நம்ம சுழல்நிதிதான் ஞாபகம் வந்தது. முன்னால போனவங்க கொடுக்கிறது பின்னால வர்றவங்களுக்கு. ஆனா ஒரு முக்கியமான விஷயம், சம்பாதிச்சாத்தான் பங்கு. சம்பாதிக்கலன்னா கடன்காரங்க ஆக மாட்டாங்க.

ஆபத்தை மறைச்சுப் பேசக் கூடாது

நம்ம ஊருக்குப் பக்கத்துல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டா நான் உங்களுக்கு உண்மையா இருந்தவளாக மாட்டேன். 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி, அதே இருங்காட்டுக்கோட்டை தடத்துல, பெங்களூரைச் சேர்ந்த ஷ்ரேயஸ் ஹரீஷ்ங்கிற பையன் ரேஸ் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல விழுந்து இறந்துட்டான். பதிமூணு வயசு முடிஞ்சு பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த வருஷம் வரிசையா நாலு ரேஸ் ஜெயிச்சவன். எல்லாருக்கும் அவன் மேல பெரிய நம்பிக்கை. அந்த வார மீதிப் போட்டி எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க.

வெளிநாட்டுல 2021-ங்கிற ஒரே வருஷத்துல 14, 15, 19 வயசுல மூணு பிள்ளைங்க ரேஸ்ல இறந்தாங்க. அதுக்குப் பிறகு உலக அமைப்பு வயசு வரம்பை ஏத்துச்சு. உலக கிராண்ட் பிரீ போட்டிக்கு 16 வயசுன்னு இருந்த பொது வரம்பு 18 ஆச்சு. ஐஸ்வர்யா பிஸ்ஸேவுக்கும் கழுத்தெலும்பு முறிஞ்சு தகடு வெச்சு ஸ்குரு போட்டிருக்காங்க. கொடி, டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தும் நடக்கிறது இது. தைரியம் இருக்கிற பிள்ளை விழாதுன்னு யாரும் நினைக்கக் கூடாது.

இன்னொண்ணு. நாம சாதாரணமா கட்டுற வண்டி இன்சூரன்ஸ், ரேஸ்ல நடக்கிற விபத்துக்குச் செல்லாது. வங்கியில வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீடு இருக்கே, அதையும் விசாரிக்காம இதுக்கு நம்பக் கூடாது. ரேஸுக்குன்னு காப்பீடு யார் போடுறாங்க, எவ்வளவுக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கும் உண்டா, இதெல்லாம் எழுத்துல பாக்கணும்.

அந்தக் குழுவுல கடைசி வரைக்கும் வேண்டாம்னு சொன்ன ஒரு அக்கா உண்டு. அவங்க தம்பி பைக் விபத்துல போனவர். "நீங்க எல்லாம் பேப்பர்ல படிக்கிறீங்க, நான் பாத்தவ"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவங்க வாயை யாரும் அடைக்கக் கூடாதுன்னு மட்டும் சொன்னேன். அவங்க சொன்னதும் தீர்மான நோட்டுல அப்படியே ஏறியிருக்கு.

வந்த பேப்பரும் நாங்க கேட்ட கேள்வியும்

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பொண்ணு பயிற்சியில நல்லா ஓட்டுறதைப் பாத்துட்டு ஒருத்தர் ஸ்பான்சர் பண்றேன்னு வந்தார். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். வீட்டுல சந்தோஷம் தாங்கல. நாலு பக்கம் இங்கிலீஷ் பேப்பர். "நாளைக்கே கையெழுத்து போடணும், இல்லன்னா வேற பிள்ளைக்குப் போயிடும்"னார். அம்மாவும் சேர்ந்து கையெழுத்து போடணுமாம்.

நம்ம கிட்ட ஒரு பழக்கம் உண்டு. வங்கியில கடன் பத்திரம்னா பத்து தடவை கேட்போம். காசு கொடுக்கிறவர் வந்தா, கேட்டா கோவிச்சுக்குவாரோன்னு வாயை மூடிக்குவோம். அந்த அம்மா அன்னைக்கு அப்படி இருக்கல. முன்னாடி ஒரு பொய் சொல்லிப் பட்ட அவமானம். இந்தத் தடவை பேப்பரை நேரா குழுக் கூட்டத்துக்கே எடுத்துட்டு வந்தாங்க. நான் ஒரு வக்கீலம்மா உதவியோட வரி வரியாத் தமிழ்ல படிச்சுச் சொன்னேன்.

அதுல இருந்தது இதுதான். ஒன்றரை லட்சத்துக்குப் பதிலா எட்டு வருஷத்துக்கு அவ வண்டி ஓட்டி வர்ற எல்லா வருமானத்துலயும் பாதி. நடுவுல அடிபட்டோ, கல்யாணமாகியோ நிறுத்தினா, வாங்கின பணம் 24 சதவீத வட்டியோட திரும்பத் தரணும். அதுக்கு அம்மா ஜாமீன். வீட்டுப் பட்டா நகல் கூட வெக்கணும்.

படிச்சு முடிச்சதும் நம்ம ஊக்குநர் கேட்டாங்க, "மேடம், இது ஸ்பான்சரா, கந்துவட்டியா?" இதை விட நல்லா என்னால சொல்ல முடியாது.

அன்னைக்கு உக்காந்து நாங்க எழுதின கேள்விகளை உங்களுக்கும் சொல்றேன். ரேஸுக்கு மட்டும் இல்ல. கபடி, ஓட்டப்பந்தயம், பாட்டு, டான்ஸ் எதுக்காகவும் உங்க பிள்ளையைத் தேடி ஒருத்தர் பணத்தோட வந்தா இதைக் கேளுங்க.

1. தர்றது பணமா, பொருளா? எந்தத் தேதியில, எத்தனை தவணையில?

2. பதிலுக்கு என்ன கேக்குறாங்க? எத்தனை வருஷத்துக்கு? முதல் ஒப்பந்தத்துக்கு ஒரு வருஷமே போதும்.

3. ஜெயிச்சாலும் தோத்தாலும் உண்டா? தோத்தா நின்னுடுமா?

4. அடிபட்டா யார் செலவு? காப்பீட்டுப் பேப்பர் நகல் நம்ம கைக்கு வருமா?

5. எந்தச் சூழ்நிலையிலயாவது பணத்தைத் திருப்பித் தரணுமா? தரணும்னா அது கடன். கடனைக் கடன்னே சொல்லிக் கேக்கணும்.

6. அம்மா அப்பா எதுக்குக் கையெழுத்து போடுறாங்க? சம்மதத்துக்கா, ஜாமீனுக்கா? ரெண்டும் வேற வேற. 18 வயசு ஆகாத பிள்ளை போடுற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, அதனால பெத்தவங்க கையெழுத்தைத்தான் தேடி வருவாங்க.

7. சட்டையில என்ன பேர் ஒட்டணும்? 2003 சட்டப்படி சிகரெட், பீடி, புகையிலை விளம்பரத்துக்கும் ஸ்பான்சருக்கும் தடை. பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் சூதாட்டத்துக்கும் அதோட விளம்பரத்துக்கும் 2025-ல மத்திய சட்டம் தடை போட்டிருக்கு. சாராயக் கடையை எதிர்த்து ஊர்வலம் போன நாம, பிள்ளை முதுகுல என்ன எழுதியிருக்குன்னு பாக்க வேண்டாமா?

8. போட்டோவை எங்க, எவ்வளவு நாள் போடுவாங்க? பொண்ணுக்குப் பிடிக்காத போட்டோவை எடுக்கச் சொன்னா எடுப்பாங்களா?

9. வெளியூர்ப் போட்டிக்குப் போனா கூட யார் போறது, எங்க தங்குறது? இதைக் கேக்க வெக்கப்படாதீங்க.

10. வேண்டாம்னா விலகுறதுக்கு என்ன வழி?

பேப்பர் இங்கிலீஷ்ல இருந்தா தமிழ்ல கேளுங்க. ஒரு வாரம் டைம் கேளுங்க. உண்மையா உதவ வந்தவர் ஒரு வாரம் காத்திருப்பார். வக்கீலுக்குக் காசு இல்லையேன்னு நினைக்காதீங்க. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவா இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டுல சட்டப் பணிகள் குழு இருக்கு. 15100-ங்கிற நம்பருக்கு போன் பண்ணாலும் வழி சொல்வாங்க.

அரசாங்க வழியையும் மறக்க வேண்டாம். 2023-ல தமிழ்நாடு அரசு தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைன்னு ஒண்ணு ஆரம்பிச்சது. போட்டிக்குப் போறதுக்கும் கருவி வாங்கறதுக்கும் கஷ்டப்படுற விளையாட்டுப் பிள்ளைகள் விண்ணப்பம் போடலாம். கிடைக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். விண்ணப்பம் போடறதுல நஷ்டம் இல்ல.

குழு என்ன முடிவு பண்ணுச்சு?

நாங்க கேட்ட கேள்வியை எழுதி அந்த ஸ்பான்சர்கிட்ட கொடுத்தோம். ஜாமீனையும் வட்டியையும் எடுக்க முடியாதுன்னார். அந்த அம்மா கையெழுத்து போடல. பொண்ணு ரெண்டு நாள் வீட்டுல யார்கிட்டயும் பேசல. என்கிட்டயும் பேசல. "உங்களாலதான் போச்சு"ன்னா. அவ வயசுக்கு அந்தக் கோவம் நியாயம். ஒன்றரை லட்சத்தை வேண்டாம்னு சொல்றது லேசா?

குழுக் கடன் விஷயம் மறுபடி வந்தது. கணக்கு போட்டுப் பாத்தோம். 40,000 கடன், 20 தவணை. மாசம் அசல் 2,000, முதல் மாசம் வட்டி 400. தையல் மிஷின்னா ஜாக்கெட் தைச்சுக் கட்டலாம், கறவை மாடுன்னா பால் ஊத்திக் கட்டலாம். ரேஸ்ல ஆரம்பத்துல மாசா மாசம் ஒரு பைசா வராது. அப்ப தவணை கட்டுறது யார்? அம்மாவோட நூறு நாள் வேலைக் கூலியும் பொண்ணோட கம்பெனிச் சம்பளமும்தான். ஒரு நாள் அவ கை உடைஞ்சு படுத்தா, ரேஸும் நிக்கும், சம்பளமும் நிக்கும், தவணையும் நிக்கும். பதினாறு பேரோட சேமிப்பு அது. அதனால ரேஸுக்குக் குழுப் பணத்துல கடன் இல்லன்னு தீர்மானம் போட்டாங்க. பொய்க் காரணம் சொன்னதுக்கு அந்த அம்மா வருத்தம் தெரிவிச்சாங்க, அதையும் எழுதிக்கிட்டாங்க.

அதே கூட்டத்துல இன்னொண்ணும் நடந்தது. சேமிப்பைத் தொடாம, அவங்கவங்க சொந்தக் கையில இருந்து, இஷ்டப்பட்டவங்க ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தாங்க. பதினாலு பேர், 2,800 ரூபாய். திரும்ப வராத பணம்னு தெரிஞ்சு கொடுத்தது. நோட்டுல "அன்பளிப்பு"ன்னு எழுதினாங்க. தம்பியைப் பறிகொடுத்த அக்கா கொடுக்கல. அவங்களை யாரும் ஒண்ணும் சொல்லல. பொண்ணு அந்த 2,800-ல கையுறை வாங்கினா.

பிறகு அவளே பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடையில போய்க் கேட்டா. கடைக்காரர் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். பதிலுக்கு ஒரு வருஷம் கடை பேர் ஹெல்மெட்ல இருக்கணும். அரைப் பக்கத்துல தமிழ்ல எழுதிக் கையெழுத்து போட்டுக்கிட்டாங்க. உடுப்பு, இன்னொரு ஓட்டுநர்கிட்ட பழசு வாங்கி, தையலைச் சரி பண்ணிக்கிட்டா. ஹெல்மெட் மட்டும் பழசு வாங்கக் கூடாதுன்னு அவளே எங்களுக்குப் பாடம் எடுத்தா. ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட் வெளியில நல்லாத் தெரிஞ்சாலும் உள்ள காப்பாத்தாதாம்.

முதல் ரேஸ் ஆறு சுற்று. பதினோரு பேர் ஓட்டினதுல எட்டாவது வந்தா. அவ்வளவுதான். கோப்பை இல்ல, மாலை இல்ல. ஆனா எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அவங்கம்மாதான். ரேஸ் முடியுற வரைக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, முந்தானையைக் கையில சுத்திக்கிட்டு நின்னாங்க. முடிஞ்சதும் "எறங்கிட்டாளா?"ன்னு கேட்டாங்க. எத்தனாவதுன்னு கேக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தாங்க. திங்கக்கிழமை காலையில அஞ்சு மணிக்குக் கம்பெனி வேன்ல பொண்ணு வேலைக்குப் போயிட்டா.

நாளைக்கு அவ மேல வருவாளா, இதோட நிறுத்துவாளா, எனக்குத் தெரியாது. நிறுத்தணும்னு தோணினா நிறுத்தலாம். அம்மா தலையில கடன் இல்ல, வீட்டுப் பட்டா பீரோவுலயே இருக்கு.

சகோதரிகளே, உங்க எல்லார் வீட்டுலயும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். "என்னால முடியும்"னு நெஞ்சை நிமிர்த்தி நிக்கும். அந்தத் தைரியத்தை நாம குறைக்க வேண்டாம். ஆனா கணக்கு பாக்கிறது பெரியவங்க வேலை. நாம மாசா மாசம் உக்காந்து கடன் கேக்கிறவங்களை விசாரிச்சுப் பழகினவங்க. அதே விசாரணையைக் காசு தர வர்றவர்கிட்டயும் பண்ணுங்க. பிள்ளைக்காகப் பொய்க் காரணம் எழுதாதீங்க. உண்மையைக் கூட்டத்துல வெச்சா, பணம் கிடைக்காம போகலாம். நல்ல யோசனை கிடைக்கும்.

அடுத்த மாசக் குழுக் கூட்டத்துல இந்தப் பத்துக் கேள்வியையும் ஒருத்தர் படிச்சுக் காட்டுங்க. உங்க ஊர்ல விளையாட்டுல இருக்கிற பொண்ணுங்க பேரை எழுதி எனக்கு அனுப்புங்க. அவங்களுக்கு யாராவது பேப்பர் நீட்டியிருந்தா, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அதையும் கொண்டு வாங்க. சேர்ந்து படிப்போம்.

டீ வந்தாச்சு, குடிச்சுட்டு வந்து கணக்கு நோட்டைத் திறப்போம்.